முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளுக்குச் சென்று பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர் நான். மருத்துவமனையில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் வீட்டுக் கட்டிலில்தான் வெளியே வரும். சில கேள்விகள், நான் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரத்தில், வாசல் வரை வந்த மகளிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ தணிந்த குரலில் வரும். அவற்றுள் வலியைப் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவு அவரவர் வயதையும் எடையையும் மற்ற நோய்களையும் பொறுத்து மாறும் என்பதால், உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டே இதைவிட மேலானது.

தேய்ந்த மூட்டையே எடுத்துவிட்டார்கள் என்றால், இப்போது வலிப்பது எது?

முன்பு வலித்தது வேறு, இப்போது வலிப்பது வேறு. குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியதால் வந்த வலி அறுவை அரங்கிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் நாளே "வலிக்கிறது, ஆனால் இது அந்தப் பழைய வலி இல்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தச் சிகிச்சையில் தொடை எலும்பின் கீழ் முனையையும் கணுக்காலை நோக்கிச் செல்லும் பெரிய எலும்பின் மேல் முனையையும் சில மில்லிமீட்டர் சீவி, மேலே உலோகக் கவசமும் கீழே உலோகத் தட்டும் பொருத்தி, நடுவில் பாலிஎத்திலீன் தகடு வைக்கிறார்கள். அதற்காகத் தோலையும் மூட்டு உறையையும் திறந்து, தொடைத் தசையையும் முட்டியின் முன்புறமுள்ள சிரட்டை எலும்பையும் ஒதுக்கிப் பிடித்திருப்பார்கள். இப்போது வலிப்பவை இவைதான். ஆறுகிற புண்ணின் வலி என்பதால் இதற்கு ஒரு முடிவு உண்டு.

முட்டியில் செய்த சிகிச்சைக்குத் தொடை ஏன் கன்றிப்போய் வலிக்கிறது என்று கேட்பவர்கள் அதிகம். அறுவையின்போது இரத்தம் கசியாமல் இருக்கத் தொடையில் காற்று நிரப்பிய பட்டையைக் கட்டியிருந்தால், அந்த இடம் சில நாள்கள் அடிபட்டதுபோல் வலிக்கும். உள்ளே கசிந்த இரத்தம் மெல்லக் கீழிறங்குவதால், முதல் வாரத்தில் கெண்டைக்காலும் கணுக்காலும்கூட நீலமும் மஞ்சளுமாகத் தெரியலாம். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

அன்று வலியே தெரியவில்லை, மறுநாள் தாங்க முடியவில்லை. ஏதேனும் தவறு நடந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதுகில் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். அதோடு தொடையில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் மூட்டைச் சுற்றி மரப்பு மருந்தும் கொடுப்பது இப்போது வழக்கமாகியுள்ளது. ஒரே தடவையாகப் போடப்படும் அந்த ஊசி ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம் வரை வேலை செய்யும். அது தீரும் நேரத்தில் வலி படிப்படியாக வராமல், அணை திறந்ததுபோல் ஒரேயடியாக வரும். பார்க்க வந்த உறவினர்களிடம் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று முதல் நாள் மாலையில் சிரித்துப் பேசியவர்கள், மறுநாள் விடியற்காலையில் கண்ணீர் விடுவது இதனால்தான்.

மரப்பு விலகிய பிறகு மாத்திரையைத் தேடுவது தாமதமான செயல். கால் விரல்களிலும் முட்டியிலும் உணர்ச்சி திரும்புவது தெரிந்தவுடனே, வலி தொடங்காவிட்டாலும், அடுத்த வேளை மருந்து எப்போது என்று செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த வலி எத்தனை நாள் இருக்கும்?

முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. இதை மறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. "மூன்றாம் நாளே நடந்து வீட்டுக்குப் போகலாம்" என்ற பேச்சை நம்பி வந்தவர்கள்தான், நடந்து வீட்டுக்கு வந்த பிறகும் வலிப்பதைக் கண்டு மனம் உடைந்துபோகிறார்கள். ஆறு வாரங்களுக்குள் பகல் வலி பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். இரவு வலி அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தங்கும். மூன்று மாதங்களில், அறுவைக்கு முன்பிருந்த நிலையைவிட நன்றாக இருப்பதாகப் பெரும்பாலோர் உணர்கிறார்கள். மூட்டில் லேசான சூடும் மாலை நேர வீக்கமும் ஆறு மாதம் வரை, சிலருக்கு ஓராண்டு வரைகூட, தொடரும்.

வலி நேர்கோட்டில் இறங்குவதில்லை. நான்கு நாள் நன்றாக இருந்து, ஐந்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்ததும் மறுபடி ஏறும். அதனால் நேற்றோடு இன்றை ஒப்பிடுவதைக் காட்டிலும், போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"எப்படி வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வது?

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். எண்ணைச் சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வலியின் வகையைச் சொல்ல நம் பேச்சில் இருக்கும் சொற்கள் ஏராளம், அவற்றுள் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு தடயம். வீட்டில் எல்லோரும் சரளமாகச் சொல்லும் அந்தச் சொற்களை மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் விட்டுவிட்டு, "பெயினா இருக்கு டாக்டர்" என்ற ஒற்றை வரியில் முடித்துக்கொள்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆழத்தில் எலும்புக்குள் துளைப்பதுபோல் இருந்தால் அது குடைச்சல். காலை எங்கே வைத்தாலும் நிலைகொள்ளாமல் இரவில் புரளவைப்பது உளைச்சல். பயிற்சிக்குப் பின் தொடையிலும் கெண்டைக்காலிலும் வருவது பெரும்பாலும் தசைக் கடுப்பு, ஓய்வில் அடங்கும். தையலின் ஓரத்தில் மிளகாய் பட்டதுபோல் காந்துவதும், மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுப்பதும், வேட்டி நுனி பட்டாலே கூசுவதும் நரம்பு தொடர்பானவை. அவற்றுக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது, வேறு மருந்து தேவைப்படலாம். காலைத் தொங்கவிட்டதும் விண்விண் என்று தெறித்து, உயர்த்தி வைத்ததும் குறைந்தால் வீக்கத்தின் வேலை. உயர்த்தி வைத்தும் குறையாமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் விண்விண் தெறிப்பு, சிவப்போடும் சூட்டோடும் இருந்தால், சீழ் பிடிக்கிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

வலி எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அடி வைக்கும்போதா, மடக்கும்போதா, படி இறங்கும்போதா, ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதா என்பது எண்ணைவிடப் பயனுள்ள செய்தி.

வலி வந்த பிறகு மாத்திரை போட்டால் போதாதா? நேரத்துக்கு ஏன் போட வேண்டும்?

முதல் இரண்டு வாரங்களுக்கு, எழுதித் தந்த நேரத்துக்கு எழுதித் தந்தபடி போடுவதே சரி. எட்டுக்கு ஏறிய வலியை மூன்றுக்கு இறக்குவதற்குத் தேவைப்படும் மருந்து, மூன்றில் இருப்பதை அங்கேயே வைத்திருக்கத் தேவைப்படும் மருந்தைவிட அதிகம். "முடிந்தவரை பொறுத்துக்கொள்கிறேன்" என்று பல்லைக் கடிப்பவர் கடைசியில் கூடுதல் மாத்திரையைத்தான் விழுங்குகிறார். நடுவில் ஒரு நாள் பயிற்சியையும் இழந்துவிடுகிறார்.

பொதுவாகப் பாராசிட்டமால் அடித்தளமாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராம் என்பது அதன் உச்ச வரம்பு. 50 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களுக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் மருத்துவர் அதைவிடக் குறைவாகவே வைப்பார். இதன்மேல் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் போன்றவை சில நாள்களுக்கும், தேவைப்பட்டால் டிரமடால் போன்ற வலுவான மருந்து மிகச் சில நாள்களுக்கும் சேர்க்கப்படும். வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறு சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பதன் நோக்கம், எந்த ஒன்றையும் பெரிய அளவில் கொடுக்காமல் தப்புவதுதான்.

நம் ஊரில் நான் அதிகம் காணும் ஆபத்து, கூட்டு மாத்திரைகள். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்தது இன்னொன்று, காய்ச்சலுக்கென்று வீட்டில் இருந்த பாராசிட்டமால் 650 மற்றொன்று என மூன்று அட்டைகள் மேசையில் கிடக்கும். பெயர்கள் வேறு என்பதால் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால் என்பது யாருக்கும் தெரியாது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதை வீட்டில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் படித்து, ஒவ்வொரு மாத்திரையிலும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாமே?

எல்லா வலி மாத்திரைகளும் அல்ல. பாராசிட்டமால் உரிய அளவுக்குள் இருக்கும்வரை சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் வகை மருந்துகளுக்கே அந்த எச்சரிக்கை பொருந்தும். முதியவர்களுக்கும், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி நீக்கும் கழிவு) ஏற்கெனவே கூடியவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தமும், இதய நோயும் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மருந்தோடு இவை சேரும்போது கசிவின் அபாயம் கூடும் என்பதால், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

டிரமடால் போன்ற மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோமா?

சில நாள்கள், மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டு குறைத்து நிறுத்திவிடுபவர்களுக்கு அந்த அபாயம் குறைவு. அன்றாடத்தில் தொல்லை தருபவை அதன் மற்ற விளைவுகளே: குமட்டல், தலைசுற்றல், மந்தம், மலச்சிக்கல். புதிய மூட்டோடு கழிவறையில் முக்கிக்கொண்டிருப்பது எவ்வளவு துன்பம் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பழம் ஆகியவற்றோடு, தேவைப்பட்டால் மலமிளக்கியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு நோய் இருந்தாலோ மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தாலோ டிரமடால் தொடங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நரம்பு வலிக்கான பிரீகாபலினும் வயதானவர்களுக்கு மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். இரவில் கழிவறைக்கு எழும்போது துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும்.

ஐஸ் ஒத்தடமா, சுடுநீர் ஒத்தடமா?

ஐஸ். முட்டி வலி என்றாலே வெந்நீர்ப் பை என்று பல ஆண்டுகள் பழகிவிட்டதால் இதை நம்ப மறுப்பவர்கள் உண்டு. ஆனால் புதிதாகத் திறந்து தைத்த மூட்டுக்குச் சூடு கொடுத்தால் வீக்கம் கூடும். ஐஸ் கட்டியையோ குளிர்ப் பையையோ மெல்லிய துண்டில் சுற்றி, கட்டு நனையாதபடி, 15 முதல் 20 நிமிடம் வரை, ஒரு நாளில் நான்கைந்து தடவை வைக்கலாம். குறிப்பாகப் பயிற்சி முடிந்தவுடன் வையுங்கள். தையலை ஒட்டிய தோலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால், ஐஸை நேரடியாக வைத்தால் தோல் கருகுவதுகூடத் தெரியாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகவே இத்தனையும் எழுதலாம் என்று தோன்றுகிறது. நான் முதல் நாள் வீட்டுக்குள் நுழையும்போது, பத்தில் ஏழெட்டு வீடுகளில் தலையணை முட்டிக்கு அடியில்தான் இருக்கும். அன்பின் காரணமாக வைத்திருப்பார்கள். சற்று மடங்கிய நிலையில் மூட்டு உறைக்குள் அழுத்தம் குறைவதால் அது இதமாக இருப்பது உண்மை. ஆனால் அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் பின்பக்கத் திசுக்கள் சுருங்கி, மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். முழுதும் நீட்ட முடியாத காலோடு நடப்பவர், ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசையை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருப்பதால், மாதங்கள் கழிந்தும் வலி தீராமல் சிரமப்படுவார்.

தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்க வேண்டும், பாதம் நெஞ்சின் மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு மட்டும் அண்டை கொடுத்து, முட்டி தன் எடையால் தானே கீழிறங்கும்படி பத்து நிமிடம் விடுவதும் ஒரு பயிற்சிதான். அந்தப் பத்து நிமிடம் முட்டியின் பின்புறம் இழுக்கும். நான் இந்தப் பக்கம் கிளம்பியதும் அந்தப் பக்கம் தலையணை பழைய இடத்துக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

வலிக்கும்போது பயிற்சி செய்யலாமா? வலி தீர்ந்த பிறகு தொடங்கினால் என்ன?

வலி தீரும்வரை காத்திருந்தால் மூட்டு காத்திருக்காது. முதல் சில வாரங்களில் உள்ளே உருவாகும் தழும்புத் திசு, கால் எந்த அளவுக்கு அசைகிறதோ அந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுக்கும், அசையாவிட்டால் இறுகும். ஆகவே வலி தீர்ந்ததும் பயிற்சி என்ற வரிசையை மாற்றி, பயிற்சி செய்ய முடிகிற அளவுக்கு வலியைக் குறைத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்ட அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சி, அதன் பிறகு ஐஸ், பிறகு காலை உயர்த்தி ஓய்வு: இந்த ஒழுங்கு அமைந்துவிட்ட வீட்டில் என் வேலை பாதியாகிவிடும்.

எவ்வளவு வலியைத் தாங்கலாம் என்றால், செய்யும்போது இழுப்பும் இறுக்கமும் இருக்கலாம். ஓரிரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலையில் வீக்கமும் வலியும் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள். நிறுத்தாமல் அளவைப் பாதியாக்குங்கள். யாரோ ஒருவர் காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவதை நான் ஏற்பதில்லை. பயந்துபோன தசை இறுகிக்கொண்டு எதிர்க்கும். மறுநாள் பயிற்சி நேரம் வந்தாலே நெஞ்சு படபடக்கும்.

பொதுவாக இரண்டு வாரங்களில் 90 பாகை அளவுக்கு மடக்கவும், முழுமையாக நீட்டவும் முயல்கிறோம். கோணமானி வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு பாலிதீன் பையைப் போட்டு, காலைத் தரையில் வழுக்கியபடி பின்னால் இழுத்து, எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்வேன். எழுபதைக் கடந்த ஒரு பாட்டி வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் பதினொரு கோடுகள் இருந்தன. சில நாள்கள் இரண்டு விரற்கடை முன்னேற்றம், சில நாள்கள் ஒரு நெல் அளவு, ஒரு நாள் பின்னடைவு. பேத்தி தரையைத் துடைத்தபோது அந்த மூலையை மட்டும் துடைக்க விடவில்லை.

இரண்டு மாதம் ஆகியும் 90 பாகையைத் தொடவில்லை என்றால் அறுவை செய்த மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அது முதல் மூன்று மாதங்களுக்குள் செய்யப்படும்போதே நல்ல பலன் தரும்.

இரவில்தான் அதிகம் வலிக்கிறது. தூங்குவது எப்படி?

பகலில் கவனம் சிதற ஆயிரம் காரணங்கள் உண்டு. இரவில் நீங்களும் முட்டியும் மட்டும்தான். பகல் முழுதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததன் வீக்கமும் அப்போதுதான் கணக்குத் தீர்க்கும். மாலை ஐந்து மணியளவில் அரை மணி நேரமாவது காலை உயர்த்திப் படுங்கள். நாளின் கடைசி வேளை மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு ஒட்டி அமைத்துத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மல்லாந்தே படுக்க வேண்டும் என்பதில்லை. இரு முட்டிகளுக்கும் இடையில் ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கலாம். விழித்துவிட்டால் உருண்டுகொண்டிருக்காமல், வாக்கரைப் பிடித்து அறைக்குள் நான்கு நடை நடந்துவிட்டு வாருங்கள்; உளைச்சல் அடங்கும்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? தைலம், பச்சிலைக் கட்டு?

புண் முழுதும் ஆறும்வரை, அதன்மேலும் அருகிலும் மருத்துவர் தந்ததைத் தவிர எதுவும் படக்கூடாது. மஞ்சளும் எண்ணெயும் இதில் அடக்கம். மற்றப் புண்களில் தொற்று வந்தால் தோலோடு போகும், இங்கே வந்தால் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை நீக்க மறுபடி மூட்டைத் திறக்க வேண்டிவரலாம். கெண்டைக்காலை அழுத்தி உருவுவதும் கூடாது. அங்கே இரத்தக் கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. ஒன்றரை மாதத்துக்குப் பின், தழும்பு காய்ந்து மூடியிருந்தால், மருத்துவர் அனுமதியோடு தழும்பின்மேல் விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்ப்பது கூச்சத்தையும் இழுப்பையும் குறைக்கும்.

மாடிப்படி, கழிவறை, தரையில் அமர்தல் ஆகியவற்றில் வலியைத் தவிர்ப்பது எப்படி?

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மேற்கத்தியக் கழிவறை இல்லாத வீடுகளில் அறுவைக்கு முன்பே உயரமான இருக்கைக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். நாற்காலியின் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையாமல், கைப்பிடியோடு இருந்தால் எழும்போது வலி குறையும். சம்மணமிடுவதையும் குந்தி அமர்வதையும் பெரும்பாலான மருத்துவர்கள் நிரந்தரமாகவே தவிர்க்கச் சொல்கிறார்கள். பூசைக்கும் பந்திக்கும் நாற்காலி போட்டுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

சர்க்கரை நோய் இருந்தால் வலி கூடுமா?

வலி கூடுவதைவிட, புண் ஆறத் தாமதமாவதும் தொற்றும் மூட்டு இறுகுவதும்தான் கவலைக்குரியவை. அறுவையின்போது குமட்டலுக்கும் வலிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் ஓரிரு நாள்கள் சர்க்கரை ஏறும்; உடலின் அழுத்தத்தாலும் ஏறும். அளவைப் பார்த்து மருந்தை மருத்துவர் மாற்றித் தருவார். பல ஆண்டுகளாகப் பாதத்தில் எரிச்சல் இருந்தவர்கள், அந்த எரிச்சல் புதிய மூட்டால் வந்ததல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தழும்பின் ஒரு பக்கம் மரத்திருக்கிறது. நடந்தால் உள்ளே ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. இது சரியா?

இரண்டும் இயல்பே. தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புக் கிளைகள் முட்டியின் குறுக்கே செல்வதால் அறுவையில் துண்டிக்கப்படும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது அதனால்தான். மரத்த பரப்பு மெல்லச் சுருங்கும், சிறிதளவு நிலைத்தும் விடலாம். சத்தம் உலோகமும் பாலிஎத்திலீனும் தொடுவதால் வருவது. வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

விலை கூடிய மூட்டோ ரோபோ உதவியுடன் செய்யும் அறுவையோ வலியைக் குறைக்குமா?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், கோபால்ட் குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய் என்றும், டைட்டானியம் அல்லது ஆக்ஸிஜனேற்றிய சிர்கோனியம் கொண்டவற்றுக்கு 76,600 ரூபாய் என்றும் வரி நீங்கலாக உச்ச விலை வகுத்தது. அந்த விலை வேறுபாட்டைத் தேய்மானம், உலோக ஒவ்வாமை போன்றவற்றோடுதான் தொடர்புபடுத்திப் பேசுகிறார்கள். முதல் மாத வலியோடு அதற்குத் தொடர்பில்லை. ரோபோ உதவி எலும்பை அறுக்கும் துல்லியத்தைக் கூட்டும். தோலும் தசையும் எப்படியும் ஆற வேண்டும். செலவு செய்ய ஒரு தொகை மிஞ்சியிருந்தால், அதை ஆறு வார இயன்முறை சிகிச்சைக்கு ஒதுக்குங்கள் என்பேன். என் தொழிலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

எந்த வலிக்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். காலில் உருவான இரத்தக் கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் கனத்து, வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றே காட்ட வேண்டும். தையலிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், சிவப்பு பரவினாலும், 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும் அப்படியே. பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போவது, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது, குறைந்துவந்த வலி காரணமின்றித் திடீரென ஏறுவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. காய்ச்சலுக்கு நீங்களாகவே மீதமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். தொற்றின் கிருமி எது என்று கண்டுபிடிப்பதையே அது கடினமாக்கிவிடும்.

ஆறு மாதம் ஆகியும் வலி தீரவில்லை. இனி இப்படித்தானா?

அறுவை நன்றாக அமைந்தும், எக்ஸ்ரே சரியாக இருந்தும், பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு ஓரளவு வலி நீடிக்கிறது. இதை அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லும்போது வலியில் இருப்பவர் வாயை மூடிக்கொள்கிறார், வலி போவதில்லை. நெடுங்காலம் வலியோடு வாழ்ந்த உடலின் நரம்பு மண்டலம் அதிக உணர்வுடையதாக மாறியிருக்கலாம். பயமும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் அதைக் கூட்டும். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

அப்படி முடிவு செய்வதற்கு முன், தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் சில இருக்கின்றன: மறைந்திருக்கும் தொற்று, உலோகம் எலும்போடு பிடிக்காமல் தளர்தல், மூட்டின் தளர்ச்சி அல்லது இறுக்கம், சிரட்டை சரியாக நகராமை, வலுவிழந்த தொடைத் தசை. முட்டிக்கு வெளியிலும் பார்க்க வேண்டும். தேய்ந்த இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரியும். முதுகெலும்பில் அழுத்தப்பட்ட நரம்பின் வலியும் முட்டியைத் தாண்டி ஓடும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கச் செல்வதானால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஒட்டுச்சீட்டு உங்கள் கோப்பில் இல்லையென்றால், அறுவை செய்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம்.